24 நாள் ரொட்டி

நெப்போலியனின் 1812 ரஷ்யப் படையெடுப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் அந்தப் படத்தைக் கொண்டுவந்து போட்டுவிடுவார். பாலமும் சாலையும் போட்டே காலம் கழித்த ஷார்ல் ஜோசப் மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், 1869இல் தன் 88ஆம் வயதில் வரைந்த படம் அது. இடப்பக்கம், அன்றைய ரஷ்ய எல்லையான நியேமன் ஆற்றங்கரையில் 4,22,000 பேருடன் தடித்த பட்டையாகக் கிளம்புகிறது படை. வலப்பக்கம் மாஸ்கோவை எட்டும்போது 1,00,000. அங்கிருந்து கறுப்புப் பட்டையாகத் திரும்பி, கடைசியில் 10,000 என்ற நூலிழையாக அதே ஆற்றங்கரைக்கு வந்து சேர்கிறது. அடியில் வெப்பநிலைக் கோடு ஒன்று ஓடுகிறது. படத்தைப் பார்த்தவுடன் எல்லோர் வாயிலும் வருவது ஒன்றுதான்: குளிர் கொன்றுவிட்டது.

இந்தத் தீர்ப்பு எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை. படத்தையே இன்னொரு முறை பாருங்கள். மினார் வெப்பநிலையைக் குறித்திருப்பது திரும்பும் பாதைக்கு மட்டும். போகும் பாதைக்கு அடியில் ஒன்றுமே இல்லை. ஆனால் பட்டை மெலிவது அங்கேதான். 4,22,000 பேர் 1,00,000 ஆனது ஜூன் கடைசிக்கும் செப்டம்பர் நடுவுக்கும் இடையில், நல்ல கோடையில். வடக்கே பிரிந்துபோன 22,000, போலோட்ஸ்க் பக்கம் விடப்பட்ட 60,000, வழியில் ஊர் ஊராக நிறுத்திவைத்த காவல்படைகள் எல்லாவற்றையும் கழித்தாலும், பனி விழும் முன்பே காணாமல்போனவர்கள் லட்சத்தைத் தாண்டுகிறார்கள். மாஸ்கோவை எட்டுமுன் நடந்த போரோடினோ சண்டையில் ஒரே நாளில் விழுந்த 30,000 பேரைச் சேர்த்துப் பார்த்தாலும் கணக்கு நேராகவில்லை.

குளிர் என்ற கதையை முதலில் எழுதியவர் நெப்போலியன்தான். 1812 டிசம்பர் 3 என்று தேதியிட்ட 29ஆம் படை அறிக்கை பாரிஸ் நாளேட்டில் வந்தது. நவம்பர் 6 வரை வானிலை அருமையாக இருந்தது, 7ஆம் தேதி குளிர் தொடங்கியது, சில நாட்களுக்குள் 30,000 குதிரைகளுக்கு மேல் மடிந்தன, குதிரைப்படை முழுக்கக் காலால் நடக்கும் படையானது என்கிறது அறிக்கை. மன்னரின் உடல்நலம் இதைவிடச் சிறப்பாக இருந்ததில்லை என்று முடிகிறது. இருநூறு வருடமாக உலகம் சொல்லிவருவது இந்த அறிக்கையின் சுருக்கத்தைத்தான். ஆனால் அதில் ஒரு உண்மை தெரியாமலே வெளிவந்துவிட்டது. தோல்வியைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் குதிரை. அந்த அளவுகோல் சரியானது. தேதிதான் தவறு. குதிரைகள் சாகத் தொடங்கியது நவம்பரில் இல்லை, ஜூனில்.

ஏறிய வழி

1796 மார்ச் கடைசியில் நீஸ் நகரில் இத்தாலியப் படையின் பொறுப்பை ஏற்றபோது நெப்போலியனுக்கு வயது 26. கையில் இருந்தது சுமார் 40,000 பேர். பலருக்குச் செருப்பில்லை, பல மாதச் சம்பளம் பாக்கி, ரொட்டி வந்தால் உண்டு. அந்தக் காலத்து ஐரோப்பியப் படைகள் நடந்த முறையை வைத்துப் பார்த்தால், இந்தப் படை முகாமைவிட்டே கிளம்பியிருக்கக் கூடாது. பழைய முறையில் முதலில் தானியக் கிடங்கு. அதிலிருந்து மாவு, மாவு போய்ச் சேரும் இடத்தில் செங்கல் அடுப்பு, அடுப்பிலிருந்து வண்டியில் ரொட்டி. அடுப்பைவிட்டு ஐந்து நாள் நடைத் தூரத்துக்கு மேல் படை போனால் ரொட்டி பூசணம் பிடித்துவிடும், வண்டியும் எட்டாது. ஆகவே போவார்கள், நிற்பார்கள், அடுப்புக் கட்டுவார்கள், மறுபடி போவார்கள்.

நெப்போலியன் நிற்கவில்லை. ஏப்ரல் 12 மோந்தெனோத்தே சண்டை, ஏப்ரல் 28 செராஸ்கோவில் வட இத்தாலியின் பியத்மாந்து அரசு பணிந்து கையெழுத்திட்டது. மொத்தம் 16 நாள். மே 15 மிலானுக்குள் நுழைந்துவிட்டார். படைக்கு வேண்டிய ரொட்டியும் இறைச்சியும் ஒயினும் செருப்பும் பிடித்த ஊர்கள் தலையில் விழுந்தன. அதற்கு மேல் கறந்த பொன்னும் வெள்ளியும் பாரிஸ் அரசாங்கத்துக்குப் போயின. காசுக்குத் தவித்த அரசாங்கத்துக்குப் பணம் அனுப்பும் தளபதியை யார் தட்டிக் கேட்பது? 1799 நவம்பரில் அந்த அரசாங்கத்தையே அவர் கவிழ்த்தபோது அதைக் காக்க ஆள் இல்லாமல்போனதற்கு இந்த வண்டிகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இந்த முறையின் உச்சம் 1805. ஆங்கிலக் கால்வாய்க் கரையில் புலோன் முகாமில் இருந்த படை ஆகஸ்ட் கடைசியில் கிழக்கே திரும்பியது. ஏறத்தாழ 2,00,000 பேர், ஏழு கோர் படைகள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சாலை. கோர் என்பது தன்னளவில் ஒரு சின்னப் படை. காலாள், குதிரை, பீரங்கி எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. தனியாக மாட்டிக்கொண்டாலும் பக்கத்துக் கோர் வந்து சேரும்வரை ஒரு நாள் தாக்குப்பிடிக்கும். போர்த்தந்திரமாகத்தான் இதை எல்லோரும் படிக்கிறார்கள். நான் இதைச் சாப்பாட்டு ஏற்பாடாகவும் படிக்கிறேன். 2,00,000 பேர் ஒரே சாலையில் போனால் முதல் 20,000 பேர் தின்றதுபோக மிச்சம் எதுவும் இருக்காது. ஏழு சாலையில் போனால் ஏழு வரிசைக் கிராமங்கள் சோறு போடும். செப்டம்பர் மாதம், அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருந்தது, உருளைக்கிழங்கு மண்ணுக்குள் விளைந்து கிடந்தது. அப்படியும் அக்டோபர் மழையில் பல படைப்பிரிவுகள் பட்டினி கிடந்தன. செப்டம்பர் 25 அன்று ரைன் நதியைக் கடக்கத் தொடங்கினார்கள். அக்டோபர் 20 அன்று உல்ம் கோட்டையில் ஆஸ்திரியத் தளபதி மாக் சரணடைந்தார். 25 நாள். மறு ஆண்டு அக்டோபர் 8 அன்று சாக்சனிக்குள் நுழைந்தவர், 14ஆம் தேதி யேனாவில் பிரஷ்யப் படையை வென்று, 27ஆம் தேதி பெர்லினுக்குள் போனார். 19 நாள்.

16, 25, 19. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரார் களஞ்சியம் காலியாகும் முன் எதிரியின் முக்கியப் படையைப் பிடித்து உடைத்துவிட வேண்டும். அவருடைய வெற்றிகள் எல்லாம் இந்த நாள்கணக்குக்குள் அடங்கியவை.

விரிசல் தெரிந்த இடங்கள்

கணக்கு பிசகும் என்பதற்கு எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 1806 குளிர்காலத்தில் போலந்துக்குள் போனதும் ஊர்கள் அருகின, சாலை சேறானது, பத்து மைல் நடந்தால் பத்துக் குடிசை. பிரெஞ்சுச் சிப்பாய்கள் அங்கே கற்றுக்கொண்ட போலிஷ் சொற்கள் ரொட்டி, இல்லை என்ற இரண்டும்தான் என்று அந்தக் காலத்துச் சிப்பாய்கள் நினைவுகூர்வதுண்டு. 1807 பிப்ரவரி 8 அன்று ஐலாவ் பனியில் நடந்த சண்டை யாருக்கும் வெற்றியில்லாமல் முடிந்தது. அடுத்த மாதமே நெப்போலியன் படைக்குச் சொந்தமாக வண்டிப் பட்டாளங்களை அமைத்தார். அதுவரை வாடகை வண்டிக்காரர்களை நம்பியிருந்த படை அது. ஆகவே சாப்பாட்டைப் பற்றி அவர் கவலைப்படவில்லை என்பது அபாண்டம். மனிதர் மாவுக் கணக்கை மூட்டை மூட்டையாகக் கேட்டு எழுதியவர்.

இரண்டாவது எச்சரிக்கை போர்த்துகல். 1810இல் பிரெஞ்சு மார்ஷல் மஸ்ஸேனா சுமார் 65,000 பேருடன் ஆங்கிலத் தளபதி வெலிங்டனைத் துரத்திக்கொண்டு லிஸ்பனை நோக்கிப் போனார். வெலிங்டன் பின்வாங்கும் வழியெல்லாம் மக்களையும் மாடுகளையும் தானியத்தையும் தன்னோடு அள்ளிக்கொண்டு, தோரெஸ் வெத்ராஸ் அரண்வரிசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்குச் சாப்பாடு கப்பலில் வந்தது. வெளியே நின்ற மஸ்ஸேனாவுக்கு எங்கிருந்தும் வரவில்லை. ஒரு மாதம் நின்றார், சாந்தாரெம் பக்கம் தள்ளி உட்கார்ந்து குளிர்காலத்தை ஓட்டினார், 1811 மார்ச்சில் திரும்பினார். இழப்பு ஏறத்தாழ 25,000 பேர். சண்டையில் செத்தவர்கள் அதில் சிறு பங்கு.

வெலிங்டன் இந்தப் பாடத்தை எங்கே படித்தார் என்பது நம் ஊர்ப் பக்கத்துக் கதை. 1791 மே மாதம் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்து வாசல்வரை வந்துவிட்ட ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ், பீரங்கி இழுத்த மாடுகள் தீவனமில்லாமலும் நோயிலும் கொத்துக்கொத்தாகச் செத்ததால், கோட்டையை உடைக்கக் கொண்டுவந்த கனரகப் பீரங்கிகளைத் தன் கையாலேயே அழித்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்ப நேர்ந்தது. மறுமுறை அவர் வந்தபோது லம்பாடிகளின் பொதிமாடுகள் ஆயிரக்கணக்கில் தானியம் சுமந்து கூட வந்தன. 1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து கிளம்பி அதே கோட்டையை வீழ்த்திய படையில் ஆர்தர் வெல்லஸ்லி என்ற கர்னல் இருந்தார். பின்னாளில் வெலிங்டன் என்ற பட்டம் பெற்றவர். அடுத்த சில ஆண்டுகள் மைசூரிலும் தக்காணத்திலும் அவர் எழுதிய கடிதங்களில் மாட்டுக்கும் அரிசிக்கும் உள்ள இடம் வாளுக்கும் துப்பாக்கிக்கும் இல்லை. லம்பாடிக்குக் காசு கொடுத்தால்தான் நாளைக்கும் மூட்டை வரும் என்பதை அங்கே கண்டுகொண்டவர், போர்த்துகலிலும் கோவேறு கழுதைக்காரர்களுக்குக் கூலி பேசி, வாங்கிய பொருளுக்கு விலை கொடுத்தார். இந்தியாவில் போர் பழகியவர் என்பதால் அவரை ‘சிப்பாய் ஜெனரல்’ என்று ஐரோப்பாவில் இளக்காரமாகப் பேசியதுண்டு. அந்த இளக்காரத்துக்குக் கொடுத்த விலை பெரிது.

ஜூன் 24 முதல் ஜூலை 16 வரை

இனி நான் நிற்க விரும்பும் இடம். மாஸ்கோத் தீயும் பனியும் எல்லோரும் பேசுவது. என்னைப் பொறுத்தவரை நெப்போலியனின் வீழ்ச்சி இந்த மூன்று வாரங்களில் முடிந்துவிட்டது.

1812க்கு அவர் போட்ட ஏற்பாடு 24 நாள் உணவு. 4 நாளைக்கு உரியது சிப்பாயின் முதுகுப்பையில், 20 நாளைக்கு உரியது வண்டிகளில். எண்ணைப் பாருங்கள். இத்தாலி, உல்ம், பெர்லின் மூன்றும் அதற்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். எல்லையைத் தாண்டியதும் லித்துவேனியாவின் வில்னா நகரத்துப் பக்கத்தில் ரஷ்யர்கள் நின்று சண்டை போடுவார்கள், மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்பது எதிர்பார்ப்பு.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஒரு சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ ரொட்டி. நாலரை லட்சம் பேருக்கு நாளுக்குச் சுமார் 340 டன். 20 நாளைக்கு 6,800 டன். நான்கு குதிரை இழுக்கும் பெரிய பாரவண்டி ஒன்றரை டன் ஏற்றும். ஆக 4,500 வண்டி. பெரிய எண்தான், ஆனால் திரட்டக்கூடியது. அவர் திரட்டவும் செய்தார். இப்போது குதிரைக்கு வாருங்கள். வேலை செய்யும் குதிரைக்கு ஓட்ஸும் வைக்கோலுமாக நாளுக்கு 9 கிலோவாவது வேண்டும். படையோடு போனவை ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. நாளுக்கு 1,350 டன், மனிதருக்கு வேண்டிய ரொட்டியைப் போல் நான்கு மடங்கு. இதை வண்டியில் ஏற்றவே முடியாது. ஏற்றினால் இழுக்கும் குதிரையே தின்றுவிடும்: நான்கு குதிரை 20 நாளில் தின்பது 720 கிலோ, வண்டியின் கொள்ளளவில் கிட்டத்தட்ட பாதி. ஆகவே குதிரைக்கு எதுவும் ஏற்றவில்லை. புல் வளரட்டும் என்று படையெடுப்பையே ஜூன்வரை தள்ளிப்போட்டார். மொத்தத் திட்டமும் லித்துவேனியப் புல்வெளியின் மேல் நின்றது.

ஜூன் 23 இரவு கோவ்னோவுக்குப் பக்கத்தில் நியேமன் மேல் மூன்று மிதவைப் பாலங்கள் போட்டார்கள். 24ஆம் தேதி விடிந்ததிலிருந்து படை கடந்தது. எதிர்க்கரையில் ரஷ்யப் படை இல்லை. அதைப் பிடிக்க நாளுக்கு நாள் வேகம் கூட்டிக் கடும் வெயிலில் நடை. வண்டிகள் முதல் நாளே பின்தங்கின. ஒன்றரை டன் வண்டி பிரான்சின் கல்பாவிய சாலைக்குச் செய்தது. லித்துவேனிய மணல்பாதையில் அச்சுவரை புதைந்தது. பட்டாளங்களின் மாட்டுவண்டிகளோ மாட்டின் நடைக்குத்தான் வரும். பால்டிக் கரை ஊர்களான தான்சிக்கிலிருந்தும் கோனிக்ஸ்பெர்கிலிருந்தும் படகில் கோவ்னோவரை மாவு வந்து சேர்ந்தது. அங்கிருந்து விலியா ஆற்றில் வில்னாவுக்குக் கொண்டுபோக நினைத்தார்கள். விலியாவில் கோடைக்குப் பாரப்படகு போகும் அளவுக்கு ஆழமில்லை. மாவு கோவ்னோவில் குவிந்துகிடக்க, இரண்டு மூன்று நாள் நடைத் தூரத்தில் படை பசித்துக் கிடந்தது.

குதிரைக்குக் கிடைத்தது விளையாத ரை தானியப் பயிர். கதிர் முற்றாத பச்சைப் பயிரை வெறும் வயிற்றில் தின்ற குதிரைக்கு வயிறு உப்பும், குடல் முறுக்கிக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். மாடு கொஞ்சம் தின்று படுத்து அசைபோடும். குதிரைக்கு அந்த வசதியும் இல்லை, வெறும் புல்லில் வயிறு நிறைய வேண்டுமானால் நாளில் பாதி நேரம் மேய வேண்டும். மார்ஷல் மூராவின் குதிரைப்படையில் ஏறத்தாழ 40,000 குதிரைகள். அவை விடியுமுன் சேணம் பூட்டி, இரவு அவிழ்க்கும்வரை நின்றன அல்லது ஓடின. மேய எங்கே நேரம்? முதுகில் சேணம் உராய்ந்த புண், புண்ணில் ஈ. புல்லும் தீர்ந்த இடங்களில் குடிசைக் கூரையிலிருந்து பழைய வைக்கோலைப் பிடுங்கிப் போட்டார்கள். புகையும் மழையும் ஏறிக் கறுத்த வைக்கோல் அது.

ஜூன் 29 அன்று வானம் பொத்துக்கொண்டது. இடியும் மின்னலும் ஆலங்கட்டியும், தொடர்ந்து சில நாள் குளிர்மழை. வெயிலில் வெந்துகொண்டிருந்த உடம்புகள் ஒரே இரவில் நடுங்கின. சில நாட்களுக்குள் வில்னாச் சாலையில் சுமார் 10,000 குதிரைகள் செத்துக் கிடந்தன. குதிரைலாயப் பொறுப்பாளர் கொலாங்கூர் முதற்கொண்டு அந்தச் சாலையில் போன பலரும் அந்த நாற்றத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். இழுக்கக் குதிரை இல்லாமல் ஏறத்தாழ 100 பீரங்கிகளையும் நூற்றுக்கணக்கான வெடிமருந்து வண்டிகளையும் வில்னாவிலேயே விட நேர்ந்தது. இதுவரை பெரிய சண்டை ஒன்றுகூட நடக்கவில்லை.

குதிரை செத்தால் வண்டி நிற்கிறது, வண்டி நின்றால் சிப்பாய் பசியில் கிராமம் தேடி வரிசையைவிட்டுப் போகிறான். போனவர்களில் பாதிப் பேர் திரும்புவதில்லை. சேற்றுத் தண்ணீர் குடித்து வயிற்றுப்போக்கு, அழுக்குத் துணியில் பேன், பேனால் டைபஸ் காய்ச்சல். மார்ஷல் தாவூவின் முதல் கோர் ஒன்றுதான் ஓரளவு கட்டுக்குலையாமல் இருந்தது. ரெஜிமெண்டுக்கு ரெஜிமெண்ட் ரொட்டி சுடுபவர், கொத்தனார் என்று ஆள் வைத்து, எங்கே நின்றாலும் அடுப்புக் கட்டிக்கொள்ளும்படி பழக்கியிருந்தார் அவர். மற்றவர்கள் வழக்கம்போல் ஊரை நம்பினார்கள். ஊர்தான் இல்லை.

நெப்போலியன் ஜூன் 28 அன்று வில்னாவுக்குள் வந்தார். பின்வாங்கிய ரஷ்யர்கள் கிடங்குகளைக் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். பின்தங்கிய வண்டிகளுக்காகக் காத்து, அடுப்புக் கட்டி, ஆஸ்பத்திரி அமைத்து 18 நாள் அங்கேயே இருந்தார். ஜூலை 16 அன்று கிளம்பினார். ஆற்றைக் கடந்து 22 நாள் ஆகியிருந்தது. 24 நாள் உணவில் மிச்சம் இரண்டு நாள். எதிரியின் முக்கியப் படை கண்ணில் படவே இல்லை.

அந்த நாளில் அவர் திரும்பியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். லித்துவேனியாவைப் பிடித்துக்கொண்டு, சாலை போட்டு, கிடங்கு நிரப்பி, மறு வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை அவர் கூட்டத்திலேயே இருந்தது. ஆனால் அவருடைய முடியாட்சிக்குப் பாட்டன் பூட்டன் சொத்தில்லை. ஆஸ்திரிய மன்னர் மூன்று முறை தோற்றாலும் வியன்னாவுக்குத் திரும்பி அரியணையில் உட்காரலாம். 1804இல் தன் கையாலேயே முடிசூட்டிக்கொண்டவருக்கு அந்தச் சலுகை இல்லை. வெற்றிச் செய்தி இல்லாமல் ஒரு வருடம் தூரதேசத்தில் உட்கார்ந்திருந்தால் பாரிஸில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். அக்டோபரில் அவர் மாஸ்கோப் பக்கம் இருந்தபோது, மன்னர் செத்துவிட்டார் என்று மலே என்ற தளபதி கிளப்பிய பொய் பாரிஸில் சில மணி நேரம் எடுபட்டுவிட்டது. நெப்போலியனின் மகனான குழந்தை இளவரசனின் பெயர் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

லாடமும் பாலமும்

ஸ்மோலென்ஸ்க், போரோடினோ, எரிந்த மாஸ்கோவில் ஐந்து வாரக் காத்திருப்பு. அக்டோபர் 19 அன்று திரும்பக் கிளம்பி, தெற்கே போக முயன்று மலோயாரோஸ்லாவெட்ஸில் தடுக்கப்பட்டு, வந்த வழியிலேயே திரும்பினார்கள். கோடையில் தின்று தீர்த்த வழி அது.

குளிருக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது கொன்ற விதத்தை உற்றுப் பார்க்க வேண்டும். பனி உறைந்த சாலையில் தட்டையான சாதாரண லாடம் அடித்த குதிரை நிற்காது. லாடத்தின் அடியில் கூரான இரும்பு முனைகள் வேண்டும். அவை தேயத் தேய மாற்றியாக வேண்டும், அதற்குக் கொல்லனும் உலையும் கரியும் இரும்பும் கூடவே வர வேண்டும். கொலாங்கூர் மன்னரின் லாயத்துக் குதிரைகளுக்கு மட்டும் முனைவைத்த லாடம் அடிக்க ஏற்பாடு செய்திருந்தார். அந்தக் குதிரைகள் தாக்குப்பிடித்தன. மற்றவை சரிவில் வழுக்கி விழுந்தன. வயிறு காய்ந்த குதிரை ஒருமுறை விழுந்தால் எழாது. விழுந்ததும் சிப்பாய்கள் கத்தியோடு சூழ்ந்துகொள்வார்கள். டிசம்பர் 10 வாக்கில், வில்னாவைத் தாண்டியதும் வரும் போனாரி மேட்டில், மிச்சமிருந்த பீரங்கிகளையும் கருவூலப் பொன்வண்டிகளையும் ஏற்றமுடியாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். மலைகூட இல்லை, ஒரு மேடு.

திரும்பும் வழியில் குறுக்கிட்ட பெரெசினா ஆற்றில் நடந்ததைப் பார்த்தால் குளிர் என்ற வாதம் தலைகீழாகவே ஆகிவிடுகிறது. நவம்பர் கடைசியில் ஆறு உறைந்திருந்தால் நடந்தே கடந்திருக்கலாம். இடையில் வெப்பம் கொஞ்சம் ஏறி, பனி உடைந்து, கட்டிகள் மிதக்கும் ஆறாக அது ஓடியது. ஓர்ஷாவில் பாலப் படகுகளையெல்லாம் எரித்துவிட்டு அந்தக் குதிரைகளைப் பீரங்கிக்குப் பூட்டச் சொல்லியிருந்தார் நெப்போலியன். பாலப்படைத் தளபதி எப்லே கெஞ்சிக் காப்பாற்றிக்கொண்டது ஆறு வண்டி கருவிகள், ஆணிகள், இரும்புப் பிடிகள், இரண்டு நடமாடும் உலைகள், அதற்குக் கொஞ்சம் கரி. ஸ்துத்யாங்கா கிராமத்து வீடுகளைப் பிரித்து மரம் எடுத்தார்கள். சுமார் 400 பேர். நவம்பர் 26 காலை 8 மணிக்குத் தண்ணீரில் இறங்கினார்கள். நூறு மீட்டர் அளவில் இரண்டு பாலங்கள், ஒவ்வொன்றுக்கும் 23 மரக்கால்கள். அடியில் உறுதியான தரை இல்லை, சேறு. கால் நட்டால் இறங்கிக்கொண்டே போகும். காலாட்படைக்கான வலப்பக்கப் பாலம் பகல் 1 மணிக்கும், வண்டிக்கான இடப்பக்கப் பாலம் மாலை 4 மணிக்கும் தயார். இடப்பக்கத்துத் தளத்துக்குப் பலகை போதாமல் உருளைக் கட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அதன் மேல் சக்கரம் ஏறி ஏறிக் குதிக்க, அந்த அதிர்ச்சியில் கால்கள் சரிந்தன. இரவு 8 மணிக்கு மூன்று கால், மறுபடி அதிகாலை 2 மணிக்கு, அடுத்த நாள் மாலை மீண்டும். ஒவ்வொரு முறையும் எப்லேயின் ஆட்கள் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி நிமிர்த்தினார்கள். அவர்களில் ஊர் திரும்பியவர்கள் மிகச் சிலர். 54 வயது எப்லே அந்த டிசம்பர் கடைசியில் கோனிக்ஸ்பெர்கில் இறந்தார். ஜெனரல் ஆகட்டும் மார்ஷல் ஆகட்டும், இந்தப் படையெடுப்பில் நான் தலைவணங்குவது இந்த ஒருவருக்குத்தான்.

குதிரை இல்லாத வெற்றி

டிசம்பர் 5 அன்று படையை விட்டுக் கிளம்பி 18ஆம் தேதி இரவு பாரிஸ் வந்த நெப்போலியன், நான்கே மாதத்தில் புதுப் படை ஒன்றைத் திரட்டிவிட்டார். வியப்புக்குரிய வேலை. 18, 19 வயதுப் பையன்களுக்குத் துப்பாக்கி பிடிக்கச் சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். குதிரை விஷயம் அப்படியில்லை. பீரங்கிச் சத்தத்தில் மிரளாத, ஆளைச் சுமந்து வரிசையில் ஓடும் குதிரைக்கு நான்கைந்து வயதாவது ஆக வேண்டும், பழக்கம் வேண்டும். நல்ல குதிரை வந்துகொண்டிருந்த போலந்தும் வடஜெர்மனியும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

1813 மே 2 அன்று லூட்சனில் வென்றார். மே 20, 21 பாவுட்சனிலும் வென்றார். யேனாவில் வென்ற அன்று, தோற்ற படையைக் குதிரைப்படை துரத்தித் துரத்தி அள்ளியது. சண்டையைவிட அந்தத் துரத்தலில்தான் பிரஷ்யா அழிந்தது. பாவுட்சனில் மாலை வந்தபோது ரஷ்யர்களும் பிரஷ்யர்களும் பீரங்கிகளைக்கூட விடாமல் ஒழுங்காக வரிசைபோட்டு நடந்துபோனார்கள். துரத்த ஆள் இல்லை. ஜூன் 4 அன்று போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டார் நெப்போலியன். அதற்கு அவரே சொன்ன இரண்டு காரணங்களில் ஒன்று குதிரைப்படை இல்லாதது, இன்னொன்று ஆஸ்திரியாவின் போக்கு. அந்த இடைவெளியில் ஆஸ்திரியா எதிரணிக்குப் போனது. அக்டோபரில் லைப்சிக். நான்கு நாள் சண்டை முடிந்து பின்வாங்க எல்ஸ்டர் ஆற்றின் மேல் உருப்படியாக இருந்தது ஒரே பாலம். மரத்துக்கும் தச்சனுக்கும் பஞ்சமில்லாத பெரிய நகரத்துப் பக்கத்தில் இன்னும் இரண்டு பாலம் போடச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. எப்லே உயிரோடு இல்லை. ஒரு கார்ப்பரல் நேரத்துக்கு முன்பே வெடிவைத்துவிட, பல்லாயிரம் பேர் அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள். முந்தைய நாட்களில்தான் மார்ஷல் பட்டம் பெற்ற போலந்துத் தளபதி போனியத்தோவ்ஸ்கி நீந்தப் பார்த்து மூழ்கினார்.

1814 பிப்ரவரியில், பிரான்ஸ் மண்ணிலேயே, ஐந்து நாளில் நான்கு சண்டைகளை வென்று காட்டினார். அடுத்தடுத்து ஊர்கள், குறுகிய தூரம், தெரிந்த சாலைகள். பழைய நாள்கணக்கு மறுபடியும் பொருந்திய நிலம் அது. ஆனால் ஆள்பலம் போதவில்லை. மார்ச் கடைசியில் பாரிஸ் விழுந்தது. ஏப்ரல் 6 அன்று முடிதுறந்தார்.

எல்பாத் தீவுக்கு அனுப்பப்பட்ட அவர் அங்கே தங்கியது பத்து மாதம். 1815 மார்ச் 1 அன்று சுமார் 1,000 பேருடன் பிரான்சின் தென்கரையில் ழுவான் வளைகுடாவில் வந்து இறங்கினார். கூட வந்த போலந்து ஈட்டிவீரர்களுக்குக் குதிரை இல்லை. வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று, சேணங்களைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் ஆல்ப்ஸ் மலைப்பாதையில் நடந்தார்கள்.